எந்த யா?

கெம்ச்சி, சிலோயே தீவு
14 ஏப்ரல் 1986

காணாமல் போன அண்ணன் எலியாசருக்கு,

தங்கை நெல்டா எழுதுவது. மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நீ கப்பல் ஏறியபோது எனக்கு ஒன்பது வயது, முன்பல் இரண்டும் கிடையாது. இப்போது பதினைந்து. பல் முளைத்துவிட்டது, வாய் அதைவிட நீளமாக முளைத்துவிட்டது என்கிறாள் பக்கத்து வீட்டு டோன்யா உபெர்லிண்டா.

ஆறு வருடத்தில் நீ அனுப்பியது மூன்று கிறிஸ்துமஸ் அட்டை. மூன்றிலும் ஆட்டுப் படம். ரோமம் கத்தரிக்கப் போனவன் ஆட்டோடு ஆடாக ஆகிவிட்டானோ, அதெல்லாம் அவனுடைய போட்டோதானோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

சுற்றி வளைக்கிறேன் என்று தெரிகிறது. விஷயம் நன்றாக இல்லை, அதனால்தான்.

போன மாதம் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருக்கும்போது அம்மா விழுந்துவிட்டாள். முகம் மண்ணில். நான் சிரித்தேன், அண்ணா. "என்னம்மா, மண்ணுக்கு முத்தம் குடுக்கிறியா?" என்று கேட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. வலது கையும் காலும் போய்விட்டன. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார் அங்கூத் ஆஸ்பத்திரி டாக்டர். பதினேழு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பேச்சும் போய்விட்டது. முழுக்க இல்லை. ஒரே ஒரு சொல் மிச்சம் இருக்கிறது. யா.

நம் ஊரில் ஒருத்திக்கு ஒரு சொல்தான் மிஞ்ச வேண்டும் என்றால் இதைவிட லாபமான சொல் கிடைக்காது. சரி என்றால் யா. போதும் என்றாலும் யா. இதோ வந்துட்டேன், வேலை முடிஞ்சுது, நேரமாச்சு கிளம்பு, நீ சொல்றதை நான் நம்பிட்டேன் போ, இனிமே கிடையாது, எல்லாவற்றுக்கும் அதே யாதான். கொஞ்சம் இழுக்கணும், கொஞ்சம் வெட்டணும், அவ்வளவுதான் வித்தியாசம். அம்மா இப்போது முன்பைவிட அதிகமாகப் பேசுகிறாள் என்றே சொல்லலாம்.

போன வாரம் என் டீச்சர் புகார் சொல்ல வீட்டுக்கே வந்துவிட்டாள். (கரும்பலகைத் துடைப்பானில் யாரோ மீன் எண்ணெய் தடவியிருந்தார்கள். யாரோ.) நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நான் நல்ல பொண்ணுதானே?" என்றேன். "யா" என்றாள். "டீச்சர்தானே பெரிசு பண்றாங்க?" "யா." "நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போக வேண்டாம்தானே?" அம்மா இடது காலில் இருந்த செருப்பை இடது கையால் கழற்றி என் மேல் எறிந்தாள். "யா!" டீச்சருக்கே அந்த யா புரிந்துவிட்டது.

சிரித்தாயா? நல்லது. இப்போது சிரிப்பை நிறுத்து. வர முடிந்தால் வா. முடியாவிட்டால் எழுது. ஆட்டுப் படம் வேண்டாம்.

வாய் முளைத்த தங்கை,
நெல்டா


லாஸ் கோய்ரோனெஸ் ஆட்டுப் பண்ணை
தியெர்ரா டெல் ஃபுயேகோ
20 மே 1986

அன்புத் தங்கை நெல்டாவுக்கு,

உன் கடிதம் நேற்று சாமான் லாரியில் வந்தது. நாலு முறை படித்தேன். டீச்சர் கதைக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரன் என்ன என்று கேட்டான். கொட்டகைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

எனக்கு உன்னைப்போல் எழுத வராது. ஒன்று மட்டும் கேட்க வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

நான் கிளம்பிய அன்று நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அம்மா அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் ராத்திரி எங்களுக்குள் பெரிய சண்டை. அப்பா கடலோடு போன வீட்டில் நீயும் போறியா என்று அழுதாள். நானும் ஏதேதோ பேசிவிட்டேன். காலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கதவருகே நின்று, "அம்மா, ஒரு சீசன்தான். போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். அவள் திரும்பவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "யா."

அவ்வளவுதான் நெல்டா. சரி போய் வா என்றாளா, போதும் நீ தொலை என்றாளா, தெரியவில்லை. கப்பலில் இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் இப்படிக் கேட்கும், ஒரு நாள் அப்படி. சீசன் முடிந்தது. முகம் திரும்பாதவளிடம் எந்த முகத்தோடு போவது என்று இன்னொரு சீசன் இருந்தேன். பிறகு இன்னொன்று. இங்கே நாய்களை மந்தைக்கு விரட்டுவதும் யாதான், நில் என்று அடக்குவதும் யாதான். நாய்களுக்கு வித்தியாசம் தெரிகிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

அவளிடம் கேட்டுச் சொல். அன்றைக்குச் சொன்னது எந்த யா?

உன் அண்ணன்,
எலியாசர்


கெம்ச்சி
22 ஜூன் 1986

என் மண்டு அண்ணனுக்கு,

ஒரு சொல் மட்டும் பேசுகிறவளிடம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டு வரச் சொல்கிறாயே, உன்னைவிட அந்த நாய்களே தேவலை. ஆறு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் வாய் வலிக்கப் பதில் சொல்லியிருப்பாள்.

ஆனாலும் கேட்டேன். தலையணை முட்டுக் கொடுத்து உட்கார வைத்து, உன் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். பிறகு, "அம்மா, அண்ணன் கிளம்பறப்போ நீ யான்னு சொன்னியே, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"யா."

"அது எந்த யா? பத்திரமா போயிட்டு வா யாவா? தொலைஞ்சு போ யாவா?"

வாயைத் திறந்தாள். மூடினாள். இடது கையால் போர்வையைக் குத்தினாள். "யா. யா, யா. யா... யா." ஒரு முழு வாக்கியம் அது. ஒவ்வொரு யாவும் வேறு வேறு சொல். நடுவில் உன் பெயர்கூட இருந்தது என்று நினைக்கிறேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவளுக்கு அது தெரிந்துவிட்டது. அழுதாள். நான் உடனே இரண்டு பீன்ஸ் கொட்டை எடுத்து, "வெள்ளைன்னா போயிட்டு வா, கறுப்புன்னா தொலை. எடு" என்று நீட்டினேன். இரண்டையும் வாங்கி என் நெற்றியில் எறிந்தாள். இடது கையில் இப்போது நல்ல குறி.

போன ஞாயிறு பாதிரியார் வந்தார். "உன் பாவங்களுக்காக வருந்துகிறாயா, மகளே?" "யா." "எல்லாப் பாவத்துக்கும்?" "யா, யா!" போதும், இடத்தைக் காலி பண்ணு என்பதுதான் அது. அவர் கண்கலங்கி ஆசீர்வதித்துவிட்டுப் போனார். நான் திருத்தவில்லை. மன்னித்தது மன்னித்ததாகவே இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், இதைக் கவனமாகப் படி. நாய் குரைத்தாலோ படிக்கட்டில் சத்தம் கேட்டாலோ அம்மா கதவைப் பார்த்து ஒரு யா சொல்கிறாள். கடைசியில் மேலே தூக்கி, கேள்வி மாதிரி. "யா?" வந்தாச்சா என்று. எனக்கோ டோன்யா உபெர்லிண்டாவுக்கோ அந்த யா கிடையாது. நாங்கள் உள்ளே வந்ததும் முகம் மாறிவிடுகிறது. அந்த யாவுக்குச் சொந்தக்காரன் வேறு ஆள். ஆட்டுப் படம் அனுப்புகிற ஆள்.

பழையது எந்த யா என்று எனக்குத் தெரியாது. இது எந்த யா என்று தெரியும். வா.

உன் மொழிபெயர்ப்பாளர்,
நெல்டா


லாஸ் கோய்ரோனெஸ்
19 ஜூலை 1986

அன்புள்ள நெல்டா,

வருகிறேன். முதலில் அதை எழுதிவிட்டேன்.

இங்கே இப்போது நடுக்குளிர்காலம், பாதை முழுக்கப் பனி. படகுத்துறை வரைக்கும் லாரி போவதில்லை. செப்டம்பரில் உருகத் தொடங்கியதும் மேலாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். அதற்குள் அம்மாவுக்கு மோசமானால் அங்கூத் ரேடியோவில் செய்தி சொல். அப்புறம் பனியாவது மண்ணாவது, குதிரையிலாவது கிளம்பிவிடுவேன்.

இங்கே இருட்டத் தொடங்கியதும் நம் ரேடியோ கேட்கும். சிலோயேக்காரர்கள் பதினோரு பேரும் மாத்தே டீயை ஒரே குவளையில் கைமாற்றிக் குடித்தபடி டோன் எவரிஸ்டோ வாசிக்கும் செய்திகளுக்காகக் காத்திருப்போம். யாருக்குக் குழந்தை பிறந்தது, யாருடைய படகு வருகிறது, யார் செத்தார். மனுஷன் எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் வாசிப்பார், உனக்குத் தெரியுமே. போன வாரம் யாரோ ஒருத்தருடைய பன்றி காணாமல் போன செய்தி. பேரைச் சரியாகக் கேட்காத நாலு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

நீளமாகச் சொல்லாதே. காற்றில் பாதி அடித்துக்கொண்டு போய்விடுகிறது. "எலியாசர், வா" என்றால் போதும்.

அவளுடைய அந்தக் கதவுப் பக்கத்து யாவைத் தினமும் சொல்லிப் பார்க்கிறேன். கடைசியில் மேலே தூக்கி. நீ எழுதியது போலவே.

எலியாசர்


கெம்ச்சி
18 ஆகஸ்ட் 1986

வழியில் இருக்கும் அண்ணனுக்கு,

இது உன் கைக்கு வராது என்று தெரியும். கடிதம் தெற்கே போகும்போது நீ வடக்கே வந்துகொண்டிருப்பாய். இருந்தாலும் எழுதுகிறேன். கை சும்மா இருந்தால் நகத்தைக் கடிக்கிறேன்.

எட்டாம் தேதி அம்மாவுக்கு இரண்டாவது முறை வந்துவிட்டது. இப்போது விழுங்குவதும் கஷ்டம். டாக்டர் என்னை வெளியே அழைத்து, "வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையாம்மா?" என்றார். "வந்துட்டிருக்காங்க" என்றேன். "சில வாரம்தான்" என்றார். அவ்வளவுதான்.

ரேடியோவில் கேட்டிருப்பாய். எப்படி நடந்தது என்று சொல்கிறேன், பெருமையாக இருக்கிறது எனக்கு.

அம்மாவிடம் கேட்டேன்: "அண்ணனுக்குச் செய்தி அனுப்பட்டுமா?" "யா." "என்னன்னு சொல்லட்டும்?" கதவைப் பார்த்தாள். "யா."

அதற்கு மேல் என்ன வேண்டும்? "வா" என்பது நான் சொல்வது. அம்மா அனுப்பும் செய்தி என்றால் அம்மாவின் சொல்தானே இருக்க வேண்டும்? பஸ் ஏறி அங்கூத் போனேன். காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்: லாஸ் கோய்ரோனெஸ் பண்ணையில் இருக்கும் எலியாசர் சிகுவாய்க்கு, அவருடைய அம்மாவிடமிருந்து: யா.

டோன் எவரிஸ்டோ மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "இவ்வளவுதானா, பொண்ணே?"

"இவ்வளவுதான். அம்மாகிட்ட வேற சொல் ஸ்டாக் இல்ல."

"புரியுமா அவனுக்கு?"

"எங்க வீட்டு யா அது, அவனுக்குப் புரியும். ஆனா நீங்க ஒழுங்கா சொல்லணும். கடைசில தூக்கணும். யா?"

"யா."

"இல்ல, தூக்குங்க. யாரோ கதவு தட்டற மாதிரி. யா?"

"யா?"

மூன்றாவது தடவை சரியாகச் சொன்னார். பாவம், ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வரும்போது டிரைவருடைய ரேடியோவில் கேட்டேன். மனுஷன் பழைய குரலிலேயே வாசித்துவிட்டார். மரண அறிவிப்பு இரண்டு, அடுத்து உன்னுடையது, அடுத்து யாரோ விதைக் கிழங்கு கேட்டது. தூக்கவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸிலிருந்து குதித்திருப்பேன்.

வேடிக்கை என்ன தெரியுமா? மூன்றாம் நாள் ரேடியோவைக் கேட்டுவிட்டு மெச்சூகே தீவிலிருந்து ஒர்ட்டென்சியா அத்தை வந்து இறங்குகிறாள். தலைமுதல் கால்வரை கறுப்பு. கையில் அறுத்த கோழி இரண்டு, துக்க வீட்டுக்கு என்று. வாசலிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். உள்ளேயிருந்து அம்மா, "யா?" அத்தை கோழியைக் கீழே போட்டுவிட்டாள். நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன், இந்த மாதத்தில் முதல் தடவையாக. அம்மாவுக்கும் ஒரு பக்கத்து வாயில் சிரிப்பு. கோழி சூப்பு வைத்தோம். இரண்டு கரண்டி விழுங்கினாள்.

நீ மண்டுதான், ஆனால் அத்தை அளவுக்கு இல்லை. உனக்குப் புரிந்திருக்கும்.

கட்டிலைக் கதவுக்கு நேரே திருப்பிப் போட்டிருக்கிறேன். உனக்காக உருளைக்கிழங்கு மில்காவ் ரொட்டி சுட்டு வைத்தேன். ஆறிப்போய் நானே தின்றேன். நாளைக்கு மறுபடி சுடுவேன்.

கதவைத் தாழிடாமல் வைத்திருக்கும்,
நெல்டா


லாஸ் கோய்ரோனெஸ்
15 ஆகஸ்ட் 1986

என் தங்கையே,

கேட்டேன். எல்லோரும் கேட்டோம்.

காற்று பலமாக இருந்தது. இரண்டு பேர் இறந்த செய்தி வந்தது. அதற்கடுத்து என் பெயர். அவருடைய அம்மாவிடமிருந்து, யா. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்த கிழவர் பார்ரியா முதலில் தொப்பியைக் கழற்றினார். பிறகு மற்றவர்கள். மாத்தேயை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

"வா" என்று நீ சொல்லவில்லை. வந்து என்ன ஆகப்போகிறது, முடிந்துவிட்டது என்று சொன்னாய். செத்துவிட்டாள் என்று எழுத உனக்கு மனம் வராமல் அவளுடைய சொல்லையே கடைசியாக அனுப்பினாய். உன்னைத் தவிர வேறு யாருக்கும் அப்படித் தோன்றியிருக்காது. அதற்காக உன்னை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

பனி இன்னும் அப்படியே இருக்கிறது. நான் வந்து சேர்வதற்குள் மண் மூடி ஒரு வாரம் ஆகியிருக்கும். அவள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்ட என்னால் முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம், அர்ஜென்டினாவுக்குக் குதிரையில் போகும் கும்பல் ஒன்றோடு நாளைக் காலை கிளம்புகிறேன். பண்ணை பண்ணையாகப் போவோம். விலாசம் என்று ஒன்று இருக்காது. கிடைத்ததும் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வைத்த வெறும் சிலுவைக்குப் பக்கத்திலேயே அவளை வைத்திருப்பாய். அத்தையோடு போய் இரு. படி. வாயைக் குறைக்காதே.

கடைசியாக அவள் சொன்னது எந்த யா? உனக்குத் தெரிந்திருந்தால் ஒரு நாள் சொல்.

எலியாசர்


கெம்ச்சி
9 செப்டம்பர் 1986

(லாஸ் கோய்ரோனெஸில் இதைப் பிரிப்பவர் யாராக இருந்தாலும், அர்ஜென்டினா பக்கம் போன எலியாசர் சிகுவாய்க்கு எப்படியாவது சேர்த்துவிடுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.)

அண்ணா, அவள் சாகவில்லை.

அம்மா உயிரோடு இருக்கிறாள். இதோ இரண்டு முழத்தில் படுத்திருக்கிறாள். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தொப்பியைப் போட்டுக்கொண்டு வா.

உன் கடிதம் இன்று மத்தியானம்தான் வந்தது. படித்ததும் அப்படியே பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். செருப்பில்லாமல் ரேடியோ ஆபீஸ் போய் நின்றேன். டோன் எவரிஸ்டோ படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என் குரலு, பொண்ணே. கடவுள் குடுத்தது இது ஒண்ணுதான்" என்றார். அவர் மேல் தப்பில்லை. நீ கேட்டது "வா." ஒரு எழுத்து. அதை அப்படியே கொடுத்திருந்தால் அவர் எந்தக் குரலில் வாசித்தாலும் அது வாவாகத்தான் இருந்திருக்கும். எனக்குத்தான் கெட்டிக்காரத்தனம் தாங்கவில்லை. அத்தை கறுப்பு உடுத்தி வந்து வாசலில் அழுதபோதாவது உறைத்திருக்க வேண்டும். நான் சிரித்தேன். அவள் மண்ணில் விழுந்தபோதும் சிரித்தேன்.

இன்று சாயங்காலம் வாசித்தார்: எலியாசர், உன் அம்மா உயிரோடு இருக்கிறாள், வா. மூன்று தடவை. தினமும் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அர்ஜென்டினாவில் நம் ரேடியோ எடுக்குமா? அங்கே சிலோயேக்காரர்கள் இருப்பார்களா? யார் இருந்தால் என்ன, யாராவது கேட்டு உன்னிடம் சொல்ல மாட்டார்களா?

நான் வீடு திரும்பியபோது அம்மா என் கையில் இருந்த உறையைப் பார்த்தாள். உன் கையெழுத்து அவளுக்குத் தெரியும். கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இப்போது குரலே இல்லை அவளுக்கு, காற்று மட்டும். "யா?"

நான் என்ன சொல்ல? உன் பிள்ளை உனக்குத் துக்கம் கொண்டாடிவிட்டுப் போய்விட்டான் என்றா?

"யா, அம்மா" என்றேன்.

எந்த யா என்று அவள் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

இனி உனக்கு அந்தச் சொல்லை விளையாட்டுக்கு எழுத மாட்டேன். எழுதினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அது வரும்வரை அவள் இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டு ஓடி வா.

நெல்டா


கெம்ச்சி
3 அக்டோபர் 1986

அண்ணா,

யா.

நேற்று டோன் எவரிஸ்டோவும் வாசித்தார். அதே குரல். இந்தத் தடவை எப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

நெல்டா